வெள்ளிக்கிழமை ஏழு நாற்பது

மடிக்கணினியில் கடிகாரம் பின்தங்கினால் பாதிப் பேர் கணினியையே தூக்கிப் போட வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தேவையில்லை, புவான் சரளா அவர்களே. அடிமூடியைக் கழற்றினால் மதர்போர்டின் ஓரத்தில் இருபது காசு அளவில் ஒரு வட்டப் பேட்டரி இருக்கும். கணினி அணைந்து கிடக்கும்போதும் மணி ஓடுவது அதனால்தான். அதன் சக்தி குறைந்துவிட்டால், அணைத்த நேரத்திலேயே கடிகாரம் நின்றுவிடும். மறுபடி போட்டால் நின்ற இடத்திலிருந்து ஓடத் தொடங்கும். பேட்டரியை மாற்ற ஐந்து நிமிடம் போதும். இந்த விவகாரம் முழுவதும் இவ்வளவுதான். இதற்குப் போய் அறவாரியத்திலிருந்து மூன்று பேர் உட்கார்ந்து மறுவிசாரணை நடத்துகிறீர்கள்.

கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன். என் பெயர் சீனிவாசகம். ஈப்போவில் சீனி என்றால்தான் தெரியும். வயது ஐம்பத்தொன்று. புந்தோங்கில் இருபத்திரண்டு வருஷமாகக் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். வாசலில் ஒரு பலகை மாட்டியிருக்கிறேன்: 'இங்கே சரிசெய்தது திரும்பி வராது.' அப்படி எதுவும் திரும்பி வந்ததில்லை. வந்தாலும் வெளியே தெரியவிட்டதில்லை.

என் அப்பா தோட்டத்தில் ரப்பர் பால் மரம் வெட்டியவர். பால் வடிகிற மங்குக் கிண்ணத்தின் அடியில் காய்ந்து ஒட்டிக் கிடக்கும் பாலைக்கூட உரித்தெடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு வருவார். அந்தப் புத்தி எனக்கும் உண்டு. குப்பைக்குப் போகும் போர்டுகளிலிருந்து வட்டப் பேட்டரிகளைக் கழற்றி ஒரு மைலோ டின்னில் போட்டு வைப்பேன். மீட்டரில் வைத்துப் பார்ப்பேன். இரண்டே முக்கால் வோல்ட் காட்டினால் துடைத்து அடுத்த கணினிக்குப் போடுவேன். புதியது மூன்றுக்குக் கொஞ்சம் மேலே காட்டும், அவ்வளவுதான் வித்தியாசம். வாடிக்கையாளரிடம் புதுசு என்பேன். அவருக்கு அது புதுசுதானே. நீங்கள் முகம் சுளிப்பீர்கள் என்று தெரியும். ஒரு பொருளுக்கு உயிர் இருக்கும்போது அதைக் குப்பையில் எறிகிறவர்கள்தான் முகம் சுளிப்பார்கள்.

எட்டாங்கட்டைத் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் கணினி அறையை 2022 தொடக்கத்தில் நான்தான் சரிசெய்து கொடுத்தேன். தோட்டம் இப்போது பேருக்குத்தான் தோட்டம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பாதி நிலத்தில் வரிசை வீடுகளும் வந்துவிட்டன. பள்ளி மட்டும் நாற்பத்துமூன்று பிள்ளைகளோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. பன்னிரண்டு கணினிகள். பன்னிரண்டிலும் டின் பேட்டரிதான் போட்டேன். பள்ளிக்குக் கொடுத்த கடிதத்தில் 'புதியது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அதே வாரம் அங்கே தற்காலிக ஆசிரியையாக இருந்த தினேஸ்வரி தன் சொந்த மடிக்கணினியைக் கொண்டுவந்தார். அதன் பெரிய பேட்டரி உப்பிப் போயிருந்தது. வெடித்துத் தொலைக்கப்போகிறது என்று அதைக் கழற்றிவிட்டேன். இனி மின்கம்பியைச் செருகியே பயன்படுத்தச் சொன்னேன். அப்படியானால் கணினி அணைந்திருக்கும்போது மணியைக் காப்பாற்ற வட்டப் பேட்டரியைத் தவிர வேறு நாதியில்லை. அதையும் மாற்றினேன், டின்னிலிருந்துதான்.

"புதுசு போட்டிருக்கேன் டீச்சர். அஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்லலா."

"ரொம்ப நன்றிண்ணே. உங்க கை பட்டா சரியாயிடும்னு அம்மா சொல்வாங்க," என்றார் அவர்.

ஒன்பது மாதம் ஓடியது. அந்த வயதுப் பேட்டரிக்கு அது மோசமில்லை.

அக்டோபரில் உங்கள் அறவாரியம் மாவட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு கணிதத் தேர்வு வைத்தது. கேள்வித்தாள் முத்திரையிட்ட உறையில் வந்தது. திங்கட்கிழமை காலைதான் அதைப் பிரிக்க வேண்டும். எட்டாங்கட்டையில் ஆறு பிள்ளைகள் எழுதினார்கள். ஆறு பேரும் வெளுத்து வாங்கினார்கள். தேர்வு முடிந்த அன்று மாலை தினேஸ்வரி வீட்டில் உட்கார்ந்து அந்தக் கேள்விகளைத் தட்டச்சு செய்தார். மறுநாள் பிள்ளைகளோடு விடைகளைச் சரிபார்க்கத்தான். அக்கறையுள்ள எந்த ஆசிரியரும் செய்கிற வேலைதான்.

ஆனால் அவருடைய கணினி வெள்ளிக்கிழமை மாலை அணைக்கப்பட்டது. திங்கள் மாலைவரை சும்மா கிடந்தது. வட்டப் பேட்டரி செத்துப்போனதால் கடிகாரமும் மூன்று நாள் நின்று கிடந்தது. வீட்டில் இணையம் இல்லை, அதனால் மணி தானாகத் திருத்திக்கொள்ளவும் வழியில்லை. திங்கள் மாலை தட்டிய கோப்பில் வெள்ளிக்கிழமைத் தேதி விழுந்தது. அதாவது, உறை பிரிப்பதற்கு மூன்று நாள் முன்பே கேள்விகள் அவர் கையில் இருந்ததாகக் கணினி சாட்சி சொன்னது.

செவ்வாய்க்கிழமை அச்செடுக்கக் கொடுத்தபோது பள்ளிக் குமாஸ்தா அந்தத் தேதியைப் பார்த்துவிட்டார். புதன்கிழமை தலைமையாசிரியர் ராமையா கணினியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். வியாழனுக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது. சனிக்கிழமை காலை பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் கூட்டம் போட்டார்கள். என்னை அழைத்தார்கள். அழைக்கச் சொன்னது யார் தெரியுமா? தினேஸ்வரிதான்.

"கடிகாரத்துல ஏதோ கோளாறு இருக்கணும் சார். சீனி அண்ணே பார்க்கட்டும். அவரு என்ன சொன்னாலும் நான் ஏத்துக்குறேன்."

அத்தனை பேர் முன்னால் சொன்னார். சபையில் என்னைப் பற்றி அப்படி யாரும் சொன்னதில்லை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மறைக்க மாட்டேன்.

தூசி தட்டிவிட்டுப் பார்க்கிறேன் என்று கணினியைக் கணினி அறைக்கு எடுத்துப்போய்க் கதவைச் சாத்தினேன். கம்பியைச் செருகிப் போட்டேன். திரையின் மூலையில் வெள்ளிக்கிழமை, இரவு மணி ஏழு நாற்பது என்று இருந்தது. வெளியிலோ மறுவாரச் சனிக்கிழமை, காலை பத்து பதினொன்று. தேதியில் எட்டு நாள் வித்தியாசம். அந்தத் திரையை அப்படியே திருப்பி வெளியே இருந்தவர்களிடம் காட்டியிருந்தால் விவகாரம் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். அன்று மத்தியானம் தினேஸ்வரி வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சோறு சாப்பிட்டிருப்பார். அது எனக்கு அங்கேயே தெரிந்தது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதித் தப்பிக்கிற ஆள் நான் இல்லை.

ஆனால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும்? 'ஒன்பது மாசத்துக்கு முன்னாலதானே புதுசு போட்டே, சீனி?' அதற்கடுத்து என்னைச் சுற்றி வரிசையாக நின்ற பன்னிரண்டு கணினியையும் திறந்து பார்க்கச் சொல்வார்கள். ஒரு பக்கம் பத்தொன்பது வருஷமாகக் காப்பாற்றிய என் பெயர். இன்னொரு பக்கம் ஒரு தற்காலிக ஆசிரியை. வயது முப்பத்துநான்கு, படித்தவர், கல்யாணமும் ஆகவில்லை. வேறு வேலை தேடிக்கொள்ளலாம். எனக்கு வேறு பெயர் தேட முடியாது. நான் நினைத்தது இதுதான், இப்போதும் இதில் கணக்குப் பிசகு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பழக்கதோஷத்தில் முதலில் திரையிலேயே மணியைத் திருத்தினேன். பிறகு அணைத்துவிட்டு அடிமூடியைக் கழற்றினேன். பேட்டரியை மீட்டரில் வைத்தேன். ஒன்று புள்ளி எட்டு காட்டியது, செத்தது. என் பையில் பொட்டலம் பிரிக்காத ஒன்று இருந்தது. அதைப் போட்டு, மறுபடி மணி வைத்து, திருகாணிகளை முடுக்கினேன். எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு நிமிடம். கவனியுங்கள், இந்த முறை நிஜமாகவே புதுசு. தினேஸ்வரிக்கு ஒன்பது மாதத்துக்கு முன்னால் என்ன சொன்னேனோ அதை அன்று நிறைவேற்றிவிட்டேன்.

வெளியே வந்ததும் ராமையா கேட்டார். "கடிகாரம் சரியா ஓடுதா, சீனி?"

"சரியா ஓடுது சார். நீங்களே பாருங்க."

எல்லோர் முன்னும் கம்பியைப் பிடுங்கினேன். கால்மணி நேரம் அணைத்தே வைத்தேன். யாரோ தேத்தண்ணி கொடுத்தார்கள், குடித்தேன். மறுபடி போட்டேன். ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. தினேஸ்வரி எழுந்து வந்து குனிந்து திரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேனா அண்ணே?"

"மெஷின் பொய் சொல்லாது டீச்சர்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் என்று என்னைச் சொல்கிறீர்கள். நான் மறைத்தது பூசணிக்காய் இல்லை, இருபது காசு அளவு பேட்டரி. கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொன்னேன். கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று கேட்டார், ஓடியது. போன வெள்ளிக்கிழமையிலிருந்து ஓடியதா என்று ராமையா கேட்டிருக்க வேண்டும். பட்டம் வாங்கிய தலைமையாசிரியருக்குக் கேள்வி கேட்கத் தெரியவில்லை என்றால் அதற்கு நானா பொறுப்பு? அவரையும் கூப்பிட்டு எழுதி வாங்குங்கள்.

பிறகு நடந்தது உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. ஆறு பிள்ளைகளின் மதிப்பெண்களை ரத்து செய்தது நீங்கள். பள்ளியை மூன்று வருஷம் தேர்வு எழுதவிடாமல் தள்ளி வைத்தது நீங்கள். தினேஸ்வரியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நிரந்தர ஆசிரியர் வேலைக்கான நேர்காணலுக்கு அவர் பெயர் போயிருந்தது, அதுவும் நின்றுவிட்டது. டியூஷன் சொல்லிக் கொடுக்கிறேன் என்று வீட்டு வாசலில் அட்டை மாட்டினார். ஒரு பிள்ளையும் வரவில்லை. அவருடைய அம்மா செல்லாயி தோட்டத்துக் கோயிலில் விளக்கு போடுகிறவர். 'எம் மக டீச்சருலா' என்று போகிற வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர், அதற்குப் பிறகு கோயில் பக்கம் போகவில்லை. இதில் எதையும் நான் செய்யவில்லை. நான் ஒரு பேட்டரி மாற்றினேன்.

வேலை போய் வீட்டில் கிடந்த ஐந்து மாதத்தில் அந்தப் பெண்ணுக்கு ஒரு வழி காட்ட யார் வந்தார்கள்? ராமையா வந்தாரா? உங்கள் அறவாரியம் வந்ததா? நான்தான் போன் போட்டேன்.

"கடையில ஆள் வேணும் டீச்சர். நாளைக்கே வாங்க."

மறுமுனையில் அழுதார். "நீங்க ஒருத்தராவது என்னை நம்புறீங்களே அண்ணே," என்றார். நான் அவரை நம்பினேன் என்பது உண்மைதானே. அவர் குற்றமற்றவர் என்று என் அளவுக்கு உறுதியாகத் தெரிந்தவர் இந்த மாநிலத்திலேயே யாரும் இல்லை.

தினமும் சரியாக ஒன்பதரைக்கு வந்து கடையைத் திறப்பார். சாவியை அவரிடமே கொடுத்து வைத்தேன். நான் பத்தரைக்குத்தான் வருவேன். வாடிக்கையாளர்கள் முன்னாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன், மரியாதையை ஒரு நாளும் குறைத்ததில்லை. சிலர் திரும்பிப் பார்ப்பார்கள், சிலர் சிரிப்பார்கள். அவர் தலை குனிந்து வேலையைப் பார்ப்பார். கெட்டிக்காரப் பெண். ஒரு வருஷத்தில் போர்டு பிரிக்கவும் பற்றவைக்கவும் கற்றுக்கொண்டார். கடைக்கு ஒரு சட்டம் உண்டு, முதல் நாளே அதைச் சொன்னேன்: வாடிக்கையாளர் மெஷினில் கை வைப்பதற்கு முன்னால் ஹார்ட் டிஸ்க் வட்டு முழுவதையும் நகல் எடுத்துவிட வேண்டும். பழுது பார்க்கிற கையே சில நேரம் பழுதாக்கிவிடும் என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் அதை ஒருமுறைகூட மீறியதில்லை.

இரண்டாம் வருஷம் செல்லாயி அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தார். போய்ப் பார்த்தேன். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நீ இல்லாட்டி எம் மக கதி என்னாயிருக்கும், தம்பி. நீ நல்லாயிருப்பே."

மூன்றாம் நாள் இறந்துபோனார். பாடை தூக்க ஆள் குறைந்தது, நான் முன்னால் நின்று தோள் கொடுத்தேன். தோட்டத்து ஆட்கள் பாதிப் பேர் வரவில்லை. அந்த அம்மா சொன்ன வார்த்தையை நீங்கள் யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. அது எனக்குச் சொன்னது.

இந்த வருஷம் பிப்ரவரியில்தான் தொல்லை வந்தது. புந்தோங் சந்தியில் உணவகம் வைத்திருக்கும் ஜைனுலாப்தீன் பாய் தன் கடை மடிக்கணினியைக் கொண்டுவந்தார். அதற்கும் போன வருஷம் டின்னிலிருந்து பேட்டரி போட்டது நான்தான்.

"என்னான்னே தெரியல சீனி. திங்கக்கிழமை கடை லீவு. செவ்வாய்க்கிழமை தொறந்தா இது ஞாயித்துக்கிழமை ராத்திரின்னு காட்டுது. ஒரு நாள முழுங்கிடுதுப்பா. பேயி கீயி பிடிச்சிருச்சா?"

நான் சிரித்தேன். தினேஸ்வரி சிரிக்கவில்லை. அடிமூடியைக் கழற்றிப் பேட்டரியை எடுத்து மீட்டரில் வைத்தார். முள்ளைப் பார்த்தபடியே நின்றார். திருகாணி முடுக்கி அவர் கையிலேயே இருந்தது. பாய் போன பிறகு கேட்டார்.

"அண்ணே, அணைச்சு வெச்சா கடிகாரமும் நின்னுடுமா?"

"சில மாடல்ல நிக்கும்."

"என்னோடதுல?"

"உங்களோடதுல நிக்காது டீச்சர். அன்னிக்கே எல்லார் முன்னாலயும் காட்டுனேன்ல."

அவர் தலையாட்டினார். மறுநாள் காலை நான் கடைக்கு வந்தபோது அவருடைய பழைய மடிக்கணினி ஒரு துவாலையில் சுற்றி மேசைமேல் இருந்தது. "ஒரு தடவை பார்த்துடுங்களேன் அண்ணே. மனசு கேக்க மாட்டேங்குது," என்றார். வைத்துவிட்டுப் போங்கள், பார்க்கிறேன் என்றேன்.

மத்தியானம் அவர் சாப்பிடப் போனார். கணினியைத் திறந்தேன். போர்டில் மின்சாரம் போகக்கூடாத இடத்துக்கு அதைப் போகவிட்டேன். ஒரு நொடி. அரிசி அளவு புகை எழுந்தது, போர்டு போய்விட்டது. வட்டைத் தனியாகக் கழற்றி வேறொரு மெஷினில் போட்டுச் சுத்தமாக அழித்தேன். அவர் திரும்பி வந்ததும் சொன்னேன்.

"போர்டு செத்துப்போச்சு டீச்சர். வட்டும் படிக்க மாட்டேங்குது. வயசாயிடுச்சில்ல, விட்டுடுங்க."

அவர் அழுவார் என்று நினைத்தேன். ஆறுதல் சொல்லத் தயாராகவும் இருந்தேன். அவர் கணினியை எடுத்துத் துவாலையில் சுற்றினார். "பரவால்ல அண்ணே," என்றார். அன்று ஐந்தரை மணிவரை வேலை செய்துவிட்டு, மேசையைத் துடைத்துவிட்டுத்தான் போனார்.

நான் வருவதற்கு முன்னால், அந்தக் காலை ஒரு மணி நேரத்தில், அவர் கடைச் சட்டப்படி நடந்திருக்கிறார். கை வைப்பதற்கு முன்னால் வட்டு முழுவதையும் நகல் எடுத்திருக்கிறார். உங்களிடம் இருப்பது அந்த நகல். கணினி தனக்குள்ளேயே ஒரு நாட்குறிப்பு எழுதுகிறது, புவான். யார் எப்போது மணியைத் திருத்தினாலும் பழைய மணியையும் புதிய மணியையும் குறித்துக்கொள்ளும். நீங்கள் என் முன்னால் வைத்த தாளில் அந்த வரியைச் சிவப்பில் கோடிட்டிருந்தீர்கள்: வெள்ளிக்கிழமை இரவு ஏழு நாற்பத்தொன்று என்பதிலிருந்து சனிக்கிழமை காலை பத்து பன்னிரண்டுக்கு. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வரவில்லை. நல்ல வேலை என்றுதான் தோன்றியது. நான் சொல்லிக் கொடுத்தது வீண்போகவில்லை.

ஆகவே கேட்டதற்கு நேராகப் பதில் எழுதுகிறேன். ஆமாம். கடிகாரம் எட்டு நாள் பின்தங்கியிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அவர் குற்றமற்றவர் என்று அந்த நிமிடமே தெரிந்தது. தெரிந்தே மணியைத் திருத்தினேன், தெரிந்தே பேட்டரியை மாற்றினேன், அதை நம்பி நீங்கள் அவரைக் கள்ளி என்று முடிவுகட்டியபோது வாயைத் திறக்கவில்லை. மூன்று வருஷம் திறக்கவில்லை. இந்த வருஷம் போர்டை எரித்ததும் வட்டை அழித்ததும் நான்தான். வருத்தப்படுகிறேன் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னீர்கள். அது மாட்டேன். வேலைக்கு ஆகாதவளென்று ஊரே ஒதுக்கிய பெண்ணுக்குத் தொழில் கொடுத்தேன், தாய்க்குத் தோள் கொடுத்தேன். இதற்கெல்லாம் வருத்தப்பட முடியாது. அந்தக் கணினியில் நான் கடைசியாகப் போட்ட பேட்டரி இன்னும் உள்ளேதான் இருக்கும். எடுத்து அளந்து பாருங்கள், மூன்று வோல்ட் காட்டும். என் வேலையில் குறை சொல்ல முடியாது.

இரண்டு வாரமாக அவர் கடைக்கு வரவில்லை. விசாரணை, அலைச்சல், அதனால் இருக்கும். உங்கள் மேசைமேல் அவர் நகலை வைத்துக் கொடுத்த உறைக்குப் பக்கத்தில் என் கடைச் சாவியைப் பார்த்தேன், சிவப்புக் கயிறு கட்டியது. பேச்சுவாக்கில் மறந்து வைத்துவிட்டுப் போயிருப்பார். கொஞ்சம் அவரிடம் சேர்த்துவிடுங்கள். நாளைக் காலை ஒன்பதரைக்குக் கடை திறக்க அவருக்கு வேண்டும்.